பச்சிளங் குழந்தையும் மூளையுறைக் காய்ச்சலும்

மூளையை மண்டையோடு மட்டுமன்றி, மூன்று மெல்லிய உறைகளும் போர்த்துக் காக்கின்றன. உறைகளுக்கிடையே தெளிந்த நீர் ஓடுகிறது. பாக்டீரியாக்கள் குருதி வழியே அங்குப் புகுந்து பெருகின், உறைகள் அழன்று வீங்கும். இதுவே மூளையுறைக் காய்ச்சல்.

பெரியோர்க்கு இந்நோய் வரின் தலைவலியும் கழுத்து விறைப்பும் தோன்றும். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கோ அவை தெளிவாகப் புலப்படா. பாலுண்ண மறுத்தல், எழுப்பியும் விழியாது சோர்ந்து கிடத்தல், வீறிட்டழுதல், வலிப்பு, உச்சிக்குழி புடைத்தல் ஆகியன அதன் குறிகள். உடல் சுடலாம், குளிர்ந்தும் போகலாம். இவற்றுள் ஒன்று தோன்றினும் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். தென்காசி மாவட்டம் திருவேங்கடம் வட்டத்துச் சிற்றூர்களில் வாழ்வோர், கைமருந்திலும் மந்திரிப்பதிலும் பொழுது போக்காமல், சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையை நாடுதல் நன்று.

மருத்துவர் குழந்தையின் இடுப்புப் பகுதியில், முதுகெலும்புகளுக்கிடையே மெல்லிய ஊசியைச் செலுத்தித் தண்டுவட நீரைச் சிறிது எடுத்துச் சோதிப்பர். 1891-ஆம் ஆண்டில் இம்முறையை வகுத்தவர் குவின்கே என்னும் ஜெர்மானிய மருத்துவர். ஆயினும், சோதனையின் முழு முடிவு வரும்வரை மருந்து காத்திராது, உடனே தொடங்கப்படும்.

1928-இல் பிளெமிங் பென்சிலினைக் கண்டறிந்தார். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பயன்பாட்டிற்கு வருமுன் இந்நோயுற்ற குழந்தைகளுள் பெரும்பாலோர் மாண்டனர். இன்று ஆம்பிசிலின், ஜென்டாமைசின், செஃபோடாக்சிம் முதலிய மருந்துகள் உள்ளன. நோய் விளைத்த கிருமி எதுவெனத் தொடக்கத்தில் தெரியாதாகையால், இரண்டு மருந்துகளைச் சேர்த்து நரம்பூசி வழியே செலுத்துவர். குருதிக்கும் மூளைக்கும் இடையே இயற்கை அமைத்த அரண் ஒன்று உண்டு. நோயின் வீக்கத்தால் அது நெகிழும்போது மருந்து உட்புகும்; வீக்கம் தணியத் தணிய அரண் மீண்டும் இறுகும். ஆகவே, காய்ச்சல் தணிந்தபின்னும் மருந்தின் அளவைக் குறைத்தல் ஆகாது. கிருமிக்கேற்ப 14 நாளோ, 21 நாளோ, அதற்கு மேலுமோ சிகிச்சை நீளும். இடையில் நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும். உயிர் பிழைத்தாலும் செவிப்புலனோ அறிவு வளர்ச்சியோ குன்றக்கூடும். எனவே, குணமடைந்த குழந்தைக்குச் செவிச் சோதனையும் செய்தல் வேண்டும்.

வருமுன் காக்கவும் வழியுண்டு. ஹிப் என்னும் பாக்டீரியாவைத் தடுக்கும் மருந்தும் அடங்கிய ஐந்நோய்த் தடுப்பூசியை, 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதன்முதலாகத் தமிழ்நாடும் கேரளமும் அரசுத் திட்டத்தில் சேர்த்தன. பிறந்த 6, 10, 14-ஆம் வாரங்களில் அஃது இடப்படுகிறது. குழந்தையைத் தொடுமுன் கைகழுவுதலும், தாய்ப்பால் ஊட்டுதலும் பிற காப்புகளாம்.

மருத்துவர் கூறாமல் நுண்ணுயிர்க்கொல்லிகளை வாங்கி உண்போர், கிருமிகள் அம்மருந்துகளை வெல்லப் பழகுவதற்குத் துணைபோகின்றனர். பேச வாயற்ற பச்சிளங் குழந்தைக்கு இடுக்கண் வரும்போது மருந்து பயன் தர வேண்டுமாயின், ஏனையோர் அதனை அளவறிந்து ஆளுதல் கடன்.