பணி நிறுத்த ஆணைக்குச் சரியான பதில் எது?

"எங்க சைட்டை எம்ஓஎம் மூடிட்டாங்க!" ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் கூடும் கட்டுமான ஊழியர்களின் பேச்சில் அவ்வப்போது காதில் விழும் செய்தி இது. "சம்பளம் வருமா?" என்பது ஊழியரின் கவலை. "எப்போது திறப்பார்கள்?" என்பது முதலாளியின் கவலை. இரண்டும் நியாயமானவைதான். ஆனால், எதற்காக மூடினார்கள் என்று கேட்பவர்கள் குறைவு.

வேலையிடத்தில் ஆபத்து இருப்பதாகக் கண்டால், மனிதவள அமைச்சு குறையைச் சரிசெய்யும்படி ஆணையிடலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் பணி நிறுத்த ஆணையே வரும். அதை மீறினால் 500,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னணி உண்டு. 2004 ஏப்ரல் 20ஆம் தேதி, வட்டப் பாதை ரயில் சுரங்கத்துக்காகத் தோண்டிய பள்ளம் சரிந்து, நிக்கல் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியும் உள்வாங்கியது. நால்வர் மாண்டனர். மண்ணின் அசைவு வரம்பை மீறுவதாகக் கருவிகள் முன்பே எச்சரித்திருந்தன. காரணத்தைத் தீர்ப்பதற்குப் பதிலாக வரம்பையே உயர்த்தி வேலையைத் தொடர்ந்திருந்தனர். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது.

அப்படியானால் ஆணைக்கு எப்படிப் பதில் தருவது? ஓர் உதாரணம். ஐந்தாவது மாடி விளிம்பில் தடுப்புக் கம்பி இல்லை. கம்பியைக் கட்டி, படம் எடுத்து அனுப்புவது எளிது. ஆனால், கம்பி ஏன் இல்லாமல் போனது? பொருள் ஏற்றுவதற்காகக் கழற்றியிருப்பார்கள். திரும்ப மாட்டும் பொறுப்பு யாருக்கும் தரப்பட்டிருக்காது. அந்தப் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்காவிட்டால், அடுத்த வாரம் ஏழாவது மாடியில் அதே கதைதான். காரணத்தைக் கண்டறிந்து, வேலைமுறையை மாற்றி, மற்ற மாடிகளையும் சோதித்து, ஊழியர்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிய பிறகு அனுப்பும் படத்துக்குத்தான் மதிப்பு.

தாளில் மட்டும் பதில் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள அப்பர் பிக் பிராஞ்ச் நிலக்கரிச் சுரங்கம் சாட்சி. 2009ஆம் ஆண்டில் மட்டும் அதற்கு 515 விதிமீறல் அறிவிப்புகளும் ஆணைகளும் வந்தன. நிறுவனம் பலவற்றை எதிர்த்து வழக்காடியது. சோதனை அதிகாரிகள் வாசலுக்கு வந்ததுமே உள்ளே இருப்பவர்களுக்குத் தகவல் போனது. ஆபத்துகளை நிறுவனத்தின் சொந்தக் கணக்கில் எழுதி, அதிகாரிகள் பார்க்கும் புத்தகத்தில் மறைத்ததும் பின்னர் தெரியவந்தது. 2010 ஏப்ரல் 5ஆம் தேதி அங்கே மீத்தேன் வாயு தீப்பற்ற, தேங்கிக் கிடந்த நிலக்கரித் தூசு அதைப் பெருவெடிப்பாக்கியது. 29 பேர் மாண்டனர். நிறுவனத்தின் முன்னாள் தலைமை நிர்வாகிக்கு 2016ல் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

சிங்கப்பூரில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. ஆனால், "அதிகாரி வருகிறார், ஹெல்மெட்டை மாட்டு" என்ற அவசரக் குரல் இங்கும் பலருக்குப் பழக்கமானதுதான்.

சரி, ஊழியரின் சம்பளம்? வேலை அனுமதிச் சீட்டின் நிபந்தனைப்படி, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிர்ணயிக்கப்பட்ட மாதச் சம்பளத்தை முதலாளி தர வேண்டும். நல்லெண்ணத்துடன் ஆபத்தைப் பற்றி அதிகாரிகளிடம் தெரிவித்த ஊழியரை அதற்காக வேலையிலிருந்து நீக்கவும் சட்டம் இடம் தராது. ஆகவே, தளர்ந்த சாரக்கட்டைப் பார்த்தவர் வாயைத் திறக்க அஞ்ச வேண்டியதில்லை. மேற்பார்வையாளர் அன்றே காது கொடுத்துக் கேட்டால், ஆணை வரவேண்டிய தேவையே இல்லாமல் போகலாம்.