படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை, எங்கள் காலனியில் இருக்கும் நண்பர் ஒருவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மத்திய அரசு உத்தியோகம். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். தில்லிக்கு வந்து இருபத்தைந்து வருடமாகிறது. பையன் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறான். ஆனால் என்ஜினீயரிங் வேண்டாம், ஓவியக் கல்லூரியில்தான் சேருவேன் என்று ஒரே பிடிவாதமாம்.

"இந்த எக்ஸிபிஷனுக்கெல்லாம் போகிற ஆள் நீங்கள். நீங்களே சொல்லுங்கள் சார், படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான் ஓவியன் அல்ல, வெறும் பார்வையாளன். ஆனால் இதே கேள்வியைச் சுமார் அறுபது வருடங்களுக்கு முன் சென்னையில் ஒருவர் எழுப்பினார் என்பதும், கேட்டதோடு நிற்காமல் அதற்கு ஒரு பதிலையும் கட்டி எழுப்பினார் என்பதும் நினைவுக்கு வந்தன. அந்தக் கதையை நண்பருக்குச் சொன்னேன். நம் சங்கத்து அன்பர்கள் வீடுகளிலும் இந்தக் கேள்வி எழாமலா இருக்கும்? அதனால் இங்கேயும் எழுதுகிறேன்.

தந்தி இலாகாவும் தூரிகையும்

அவர் பெயர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. தந்தி இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், 1936-இல் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1850-இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பழைய பள்ளி அது. மெரினா கடற்கரையில் நாம் எல்லோரும் பார்த்திருக்கும் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி அப்போது அங்கே முதல்வர். அவருக்குப் பின் 1957-இல் பணிக்கர் அந்த நாற்காலியில் அமர்ந்தார்.

அவரை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. நன்றாக வரையத் தெரிந்த பையன்கள் படிப்பு முடிந்ததும் எங்கேயாவது ஒரு வேலையில் ஒட்டிக்கொள்வார்கள். இரண்டு வருடத்தில் தூரிகை காய்ந்துவிடும். ஓவியம் வாங்குவோர் சென்னையில் அன்று விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். அப்படியானால் ஓவியன் எதை விற்றுச் சாப்பிடுவது?

கைத்தொழிலை விற்கலாம் என்றார் பணிக்கர். முக்கியமாக, பத்திக். துணியில் எந்த இடம் வெள்ளையாக இருக்க வேண்டுமோ அங்கே உருக்கிய மெழுகைத் தடவி, வெளிர் சாயத்தில் முக்குவார்கள். அடுத்து, அந்த வெளிர் நிறம் நிற்க வேண்டிய இடத்தில் மெழுகு வைத்து, அடர்ந்த சாயத்தில் முக்குவார்கள். கடைசியில் வெந்நீரில் மெழுகை எடுத்துவிட்டால் உருவம் தெளிவாக நிற்கும். நடுவில் மெழுகு வெடித்த இடங்களில் சாயம் புகுந்து நரம்பு நரம்பாகக் கோடு ஓடும். பத்திக்கின் அழகே அதுதான். இந்தத் துணிகளும் மற்றக் கைவினைப் பொருட்களும் நன்றாக விற்றன. ஒரு பங்கு நேரம் தொழிலுக்கு, மீதி நேரம் யார் தயவும் வேண்டாத ஓவியத்துக்கு என்று ஒரு வழி பிறந்தது.

அந்தக் காசைச் சேர்த்து, 1966-இல் மகாபலிபுரம் போகும் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். பணிக்கரும் அவர் மாணவர்களுமாக முப்பது பேருக்கு மேல். அன்று அது வெறும் மணல்வெளி. அங்கே வீடும் பட்டறையும் கட்டி, சோழமண்டலம் என்று பெயர் வைத்தார்கள். வெள்ளைக்காரன் வாயில் 'கோரமண்டல்' ஆன அதே சோழமண்டலம்தான்.

படிக்க முடியாத எழுத்து

நண்பரின் பையனை அடுத்த வாரம் இந்தியா கேட் அருகே ஜெய்ப்பூர் ஹவுஸுக்கு அழைத்துப் போனேன். தேசிய நவீன கலைக்கூடம் அங்கேதான் இருக்கிறது. பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியம் ஒன்றின் முன் பையன் நின்றுவிட்டான்.

1963 வாக்கில் பணிக்கர் தொடங்கிய வரிசை அது. பழைய ஓலைச்சுவடியையும் ஜாதகக் கட்டத்தையும் கணக்கு நோட்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கியதுபோல இருக்கும். வரிவரியாக எழுத்து ஓடும். மலையாளச் சாயல் தெரியும். ஆனால் ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியாது. எழுத்தின் பொருளை எடுத்துவிட்டு, அதன் உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டார் அவர்.

"மாமா, இது என்ன மொழி?" என்றான் பையன்.

"எந்த மொழியும் இல்லை. பார்க்கத்தான், படிக்க இல்லை."

அவன் சிரித்தான். "எனக்குத் தமிழே இப்படித்தான் மாமா தெரியும். பாட்டி எழுதுகிற கடிதாசு எல்லாம் இந்த மாதிரிதான் இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுகிற பிள்ளை அவன்.

கோடும் எழுத்தும்

அதனால்தானோ என்னவோ, வீட்டுக்கு வந்ததும் அவனிடம் ஆதிமூலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். கே.எம். ஆதிமூலம் 1938-இல் துறையூர் பக்கம் கீராம்பூரில் பிறந்தவர். சென்னைக்கு வந்து அதே ஓவியப் பள்ளியில் படித்தார். அவர் கையில் பேனா கிடைத்தால் போதும். காந்தி நூற்றாண்டு நடந்த 1969-ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி வரிசைக் கோட்டோவியங்களில் கறுப்பு மசியும் வெள்ளைத் தாளும் தவிர வேறு எதுவும் இல்லை. கோடுகளை நெருக்கினால் நிழல், விலக்கினால் வெளிச்சம். மகாராஜாக்கள் வரிசையில் அதே கோடு கேலியும் செய்யும்.

ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் படம் போட்டது பலருக்கு நினைவிருக்கும். நவீன ஓவியம் என்றால் புரியாத சமாசாரம் என்று ஒதுங்கியவர்களும் ரசித்துப் பார்த்தார்கள். பத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் அவர் எழுதிக் கொடுத்த தமிழ்த் தலைப்பெழுத்துகள் தனி அழகு. பின்னாளில் கறுப்பு வெள்ளையிலிருந்து தைலவண்ணத்துக்குப் போனார். தட்டைக் கத்தியால் வண்ணத்தைத் தடவித் தடவி, நிலமா, நீரா, வானமா என்று சொல்ல முடியாத பெரிய பரப்புகளை வரைந்தார். 2008-இல் காலமானார்.

சொல்லாமல் விடக்கூடாதது

நல்லதை மட்டும் சொன்னால் நண்பரை ஏமாற்றியதாகும். சோழமண்டலத்தில் கே. ராமானுஜம் என்றொரு கலைஞர் இருந்தார். மெல்லிய பேனாக் கோடுகளால் இம்மியிடம் விடாமல் நிரப்பி, அரண்மனைகளும் பாம்புகளும் பறக்கும் உருவங்களுமாக ஒரு கனவு உலகத்தை வரைந்தவர். அதற்குள் தொப்பி போட்டுக்கொண்டு அவரும் இருப்பார். அவருடைய திறமையை அடையாளம் கண்டு ஆதரித்தவர் பணிக்கர். ஆனால் மனநோய் அவரை விடவில்லை. 1973-இல், முப்பது வயதைத் தாண்டிய சிறிது காலத்திலேயே, தம் முடிவைத் தாமே தேடிக்கொண்டார். கிராமம் அவருக்கு இடம் கொடுத்தது, தோழர்களைக் கொடுத்தது. எல்லாவற்றையும் கொடுக்க அதனால் முடியவில்லை.

நண்பர் இதையெல்லாம் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த பத்திக் விஷயம்தான் சார் எனக்குப் பிடித்தது" என்றார். பையன் நுழைவுத் தேர்வு எழுதட்டும், கூடவே சம்பாதிக்கிற தொழில் ஒன்றும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் நிபந்தனை. பையன் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் என்றான். அம்மாவின் நிபந்தனை வேறு. பாட்டிக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுத வேண்டும். அதற்கும் ஒப்புக்கொண்டான்.

அடுத்த முறை லீவில் சென்னை போகிறவர்கள் மகாபலிபுரம் போகும் வழியில் சோழமண்டலத்தில் இறங்கிப் பாருங்கள். சென்னை ஓவியர்களின் படைப்புகளுக்கென்றே 2009-இல் அங்கே ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். அரைநாள் போதும். குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். அவர்கள் எந்தப் படத்தின் முன் நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். அவசரப்படுத்த வேண்டாம்.