ஒரே துப்பாக்கி போதுமா?

வேட்டைக்காரர்களிடையே நெடுங்காலமாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. "உமக்கு ஒரே ஒரு ரைபிள்தான் கொடுப்போம். மானுக்கும் அதுதான், கரடிக்கும் அதுதான்; ஐம்பது கஜத்திலும் அதுதான், நானூறு கஜத்திலும் அதுதான். எதை எடுத்துக்கொள்வீர்?" என்பது கேள்வி. பத்துப் பேரைக் கேட்டால் பதினோரு பதில் வரும்!

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. ஆனால் அமெரிக்கா, ஸ்வீடன், தென் ஆப்பிரிக்கா முதலிய நாடுகளில் அனுமதிச் சீட்டுப் பெற்று, அதற்கென்று விதித்த பருவத்தில் வேட்டையாடுகிறார்கள். அங்கே இந்தக் கேள்வி இன்றும் சூடாகவே இருக்கிறது.

வேடிக்கைப் பேச்சுப் போலத் தோன்றும் இந்தக் கேள்விக்குள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று மறைந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நம் நாட்டில் நடந்த சம்பவத்தையே முதலில் பார்ப்போம்.

ஒடிந்த பற்கள் சொன்ன கதை

1907-ஆம் ஆண்டு. இமயமலைச் சாரலில் குமாவூன் பகுதி. சம்பாவத் என்ற ஊரின் அருகே ஆட்கொல்லிப் பெண்புலி ஒன்றை ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்தினார். நேபாளத்தில் 200 பேர், குமாவூனில் 236 பேர், ஆக 436 பேரைக் கொன்ற புலி என்பது அதன் மீதிருந்த கணக்கு. அன்று கார்பெட்டின் கையில் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். அவை தீர்ந்தும் புலி சாயவில்லை. உடன் வந்த தாசில்தாரின் பழைய துப்பாக்கியை ஓடிப்போய் வாங்கி வந்து சுட வேண்டியதாயிற்று.

புலி விழுந்த பிறகு அதன் வாயைப் பார்த்தார்கள். வலப்புறத்துக் கோரைப்பற்கள் இரண்டும் ஒடிந்திருந்தன. மேற்பல் பாதியளவில் முறிந்திருந்தது. கீழ்ப்பல் எலும்பு வரையில் போய்விட்டது. என்றோ ஒரு நாள் யாரோ சுட்ட குண்டின் வேலை அது. உயிரைப் போக்க வேண்டிய குண்டு பல்லைப் போக்கிவிட்டது. பல்லிழந்த புலியால் தன் இயற்கையான இரையைப் பிடிக்க முடியவில்லை. மனிதர்களைப் பிடிக்கத் தொடங்கியது.

அந்தக் குண்டைச் சுட்டவர், "புலி தப்பித்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்பியிருப்பார். அவர் கை தவறியது சில அங்குலந்தான். விலை கொடுத்தவர்கள் மலைக்கிராமத்து ஏழை ஜனங்கள்.

புலிகள் மனிதரைத் தின்னத் தொடங்குவதற்குப் பெரும்பாலும் காயங்களே காரணம் என்பது கார்பெட்டின் அனுபவ முடிவு. ஆகவே, "எந்தத் துப்பாக்கி?" என்ற கேள்வியின் உண்மையான பொருள், "எந்தத் துப்பாக்கியால் நான் காயப்படுத்தாமல் கொல்வேன்?" என்பதுதான். குதிரைச் சக்தி, வேகம், விலை எல்லாம் அதற்குப் பிறகு.

பரிசாக வந்த ரைபிள்

சம்பாவத் புலியைக் கொன்றதற்காக, ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னராக இருந்த சர் ஜான் ஹியூவெட் கார்பெட்டுக்கு ஒரு ரைபிளைப் பரிசளித்தார். லண்டன் ரிக்பி கம்பெனியின் ‘275’ ரைபிள் அது. அதன் மரக்கட்டையில் பதித்த வெள்ளித் தகட்டில் பரிசளித்த காரணம் பொறிக்கப்பட்டிருக்கிறது.

‘275’ என்றால் குழலின் உள்விட்டம் 0.275 அங்குலம், அதாவது ஏழு மில்லிமீட்டர். தோட்டா ரிக்பியின் கண்டுபிடிப்பு அல்ல. ஜெர்மனியின் மௌஸர் கம்பெனி உருவாக்கி, 1893-ல் ஸ்பெயின் ராணுவம் ஏற்றுக்கொண்ட தோட்டாதான். 1899-ல் தென் ஆப்பிரிக்காவில் மூண்ட போயர் யுத்தத்தில், இதே தோட்டாவை வைத்துக்கொண்டுதான் போயர் குடியானவர்கள் பிரிட்டிஷ் சிப்பாய்களை வெகு தூரத்திலிருந்து திணற அடித்தார்கள்.

இலேசான ரைபிள்; மிதமான உதை; குறி தப்பாத குழல். 1930-ல் சௌகர் ஆட்கொல்லிப் புலியைக் கார்பெட் எதிர்ப்பட்ட கட்டத்தைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இடக்கையில் பறவை முட்டைகள். வலக்கையில் ரைபிள். பாறையைச் சுற்றித் திரும்பினால் எட்டடி தூரத்தில் புலி படுத்திருக்கிறது! ஒரே கையால் ரைபிளை மெள்ள மெள்ளத் திருப்பிச் சுட்டார். பத்துப் பன்னிரண்டு ராத்தல் எடையுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி அன்று கையில் இருந்திருந்தால் அப்படித் திருப்பியிருக்க முடியுமா என்பது சந்தேகந்தான்.

யானையும் ஏழு மில்லிமீட்டரும்

இதே 275-ஐ வைத்துக்கொண்டு ஆப்பிரிக்காவில் யானை வேட்டையாடியவர் ‘கரமோஜோ’ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றில் பெரும்பகுதி இந்தச் சிறிய தோட்டாவால்தான் என்று கேட்டால் ஆச்சரியமாக இருக்கும்.

ஆனால் இந்தக் கதையைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் அநேகர். பெல் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எந்த இடத்தில் இருக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து எப்படிக் குறி பார்க்க வேண்டும் என்று பாடம் படித்தவர். அந்தப் பாடம் இல்லாமல் துப்பாக்கியை மட்டும் வாங்கியவர்கள் யானையையும் கெடுத்தார்கள், தாங்களும் கெட்டார்கள்.

பெரிய குண்டுதான் வேண்டும் என்று வாதிப்பவர்களுக்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. தேன்கனிக்கோட்டை, பெண்ணாகரம் காடுகளில் அலைந்து திரிந்த கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது ‘405 வின்செஸ்டர்’. 300 கிரெய்ன் எடையுள்ள பருத்த குண்டு. (பதினைந்தரைக் கிரெய்ன் சேர்ந்தால் ஒரு கிராம்.) புதர் மண்டிய காட்டில், முப்பது நாற்பது கஜத்தில் பாயவரும் புலியின் முன்னால் அதைவிட நல்ல துணை கிடைப்பது அரிது. ஆனால் மூக்கு மழுங்கிய அந்தக் குண்டு காற்றைக் கிழித்து நெடுந்தூரம் போகாது. நூறு கஜத்துக்குக் குறி வைத்துவிட்டு முந்நூறு கஜத்தில் சுட்டால் இரண்டடிக்கும் மேல் தாழ்ந்துவிடும். பள்ளத்தாக்கின் அக்கரையில் நிற்கும் மானுக்கு அது பயன்படாது. ஆண்டர்சனின் காட்டுக்கு அது சரி. அமெரிக்க மலைச்சரிவுக்கு அது சரியல்ல.

1906-ல் பிறந்த கிழவர்

அமெரிக்காவில் இந்த வழக்கை விசாரிக்கப் போனால் முதலில் வந்து நிற்கும் சாட்சி ‘30-06’ என்ற தோட்டா. ‘தேர்ட்டி ஆட் சிக்ஸ்’ என்பார்கள். 30 என்பது குழலின் விட்டம், 0.30 அங்குலம், 06 என்பது 1906-ஆம் ஆண்டு. ராணுவத்துக்காகப் பிறந்து, இரண்டு உலக யுத்தங்களையும் பார்த்த தோட்டா. 1909-ல் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனபோது எடுத்துச் சென்ற ரைபிள்களில் ஸ்பிரிங்பீல்டு ரைபிளும் ஒன்று. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. சிங்கத்துக்கு 405 வின்செஸ்டர், யானைக்கு இரட்டைக்குழல் ஹாலந்து என்று ஆளுக்கொரு துப்பாக்கி வைத்துக்கொண்டார். ஜனாதிபதியாக இருந்தவருக்குச் சுமக்க ஆள் இருந்தது. நம்மைப் போன்றவர்களுக்கு?

30-06-ன் பெருமை அதன் குண்டுகளில் இருக்கிறது. 110 கிரெய்ன் முதல் 220 கிரெய்ன் வரை விதவிதமான குண்டுகள் அதற்குக் கிடைக்கின்றன. சாதாரண மானுக்கு 150, குதிரை உயரத்துக்கு நிற்கும் ‘எல்க்’ மானுக்கு 180, பெருங்கரடிக்கு 220. ஒரே ரைபிள், தோட்டாவை மட்டும் மாற்றினால் போதும். சிற்றூர்க் கடையிலும் தோட்டா கிடைக்கிறது. வேறு எந்தத் தோட்டாவும் இதைவிடச் சிறந்ததல்ல என்று சொல்லவில்லை. ஆனால் எல்லா வேலைக்கும் "பரவாயில்லை" என்ற மார்க்கு வாங்கக்கூடியது இது. எல்லாவற்றுக்கும் உதவுவது என்றால் அதுதானே?

1952-ல் வந்த ‘308’ இதன் தம்பி. தோட்டா குட்டையானது, வேகம் கொஞ்சம் குறைவு, ரைபிளும் சற்றுச் சிறியதாக அமையும். 2007-ல் வந்த ‘6.5 கிரீட்மூர்’ பேரப்பிள்ளை. தூரப் போட்டிகளுக்கென்றே அமைத்தது. நீண்டு மெலிந்த குண்டு என்பதால் காற்று அதை எளிதில் தள்ளிவிடாது, உதையும் குறைவு. ஆனால் பெருங்கரடியின் முன்னால் நிற்க வேண்டுமென்றால் கிழவரையே அழைப்பார்கள்.

தூரம் செய்யும் மோசம்

நெடுந்தூரம் சுடுவது என்றால் குறிக்கண்ணாடியில் பார்த்து விசையை இழுப்பதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். குண்டு நேர்கோட்டில் போவதில்லை. எறிந்த கல்லைப் போல வளைந்தே போகிறது.

30-06 ரைபிளில் 180 கிரெய்ன் குண்டு குழலை விட்டு வெளியேறும்போது வினாடிக்கு 2,700 அடி வேகம். 200 கஜத்துக்குக் குறியைச் சரிசெய்து வைத்தால், 300 கஜத்தில் எட்டு ஒன்பது அங்குலம் தாழும். 400 கஜத்தில் இரண்டடி. 500 கஜத்தில் நாலடிக்கு நெருங்கிவிடும்.

தாழ்வையாவது கணக்குப் போட்டுவிடலாம். காற்று அப்படியல்ல. மணிக்கு பத்து மைல் வேகத்தில் பக்கக்காற்று வீசினால் 200 கஜத்தில் குண்டு விலகுவது மூன்று அங்குலந்தான். 400 கஜத்தில் ஓரடிக்கு மேல். தூரம் இரட்டித்தது; விலகலோ நாலு மடங்காயிற்று! நீங்கள் நிற்கும் இடத்தில் அடிக்கும் காற்று வேறு. நடுவிலுள்ள ஓடையின் மேல் அடிக்கும் காற்று வேறு.

மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் எட்டங்குலத் தட்டின் அளவுதான். அதற்குள் பட்டால் சில வினாடிகளில் முடிந்துவிடும். ஓரடி பின்னால் பட்டால் குடல். அந்த மான் ஓடி, ஒளிந்து, பல மணி நேரம் துடித்துச் சாகும். மேலும், 400 கஜத்தைக் கடக்கக் குண்டுக்கு அரை வினாடிக்கு மேல் ஆகிறது. அதற்குள் மான் ஓரடி எடுத்து வைத்தால் குறியெல்லாம் வீண்.

இரும்புத் தகட்டையோ காகிதக் குறியையோ ஆயிரம் கஜத்தில் சுடுபவருக்கு இந்தக் கவலை இல்லை. தப்பினால் இன்னொரு தோட்டா. காகிதம் வலியால் துடிக்காது. ஒரே ரைபிள் இரண்டு வேலைக்கும் உதவலாம். ஆனால் இரண்டு வேலைக்கும் ஒரே தூரம் உதவாது.

உதைக்குப் பயந்த கண்

"அப்படியானால் இன்னும் வேகமான ‘மாக்னம்’ வாங்கிவிட்டால்?" என்று கேட்கலாம். 1962-ல் ஏழு மில்லிமீட்டர் ரெமிங்டன் மாக்னமும், 1963-ல் 300 வின்செஸ்டர் மாக்னமும் வந்தன. வேகம் கூடுகிறது, தாழ்வு குறைகிறது, உண்மைதான். ஆனால் மருந்து கூடினால் உதையும் கூடும். தோளில் நாலு முறை வாங்கியவன் ஐந்தாவது முறை விசையை இழுக்கும்போது, அவனை அறியாமலே கண் மூடுகிறது. கை வெடுக்கென்று இழுக்கிறது. குறி தப்புகிறது. தன் தோள் தாங்காத துப்பாக்கியை வாங்கியவன், கூடுதல் பணம் கொடுத்துக் குறியைக் கெடுத்துக்கொண்டவன்.

ஸ்வீடன்காரர்கள் 1894-லிருந்து இருக்கும் 6.5 மில்லிமீட்டர் தோட்டாவைக் கொண்டே, எருமை போன்ற ‘மூஸ்’ மான்களைத் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வருகிறார்கள். உதை சொற்பம். ஆகவே பயிற்சி அதிகம். ஆகவே காயம் குறைவு.

தட்டுப் பரீட்சை

அனுபவசாலிகள் சொல்லும் எளிய பரீட்சை ஒன்று உண்டு. எட்டங்குலக் காகிதத் தட்டு ஒன்றை நட்டு வையுங்கள். மேஜையில் மணல் மூட்டை போட்டுச் சுடக்கூடாது. காட்டில் எப்படிச் சுட நேருமோ, அப்படி முழந்தாளிட்டோ, உட்கார்ந்தோ சுட வேண்டும். ஐந்து குண்டும் தட்டில் பட்டால் ஐம்பது கஜம் பின்னால் போகலாம். எந்த இடத்தில் ஒரு குண்டு வெளியே போகிறதோ, அதற்கு முந்திய இடமே அந்த மனிதருடைய எல்லை. ரைபிள் ஆயிரம் கஜம் போகும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லலாம். மனிதர் நூற்றைம்பதோடு நின்றுவிடலாம். காட்டில் செல்லுபடியாவது மனிதரின் எல்லைதான்.

தீர்ப்பு என்னவென்றால், ஒரே துப்பாக்கி போதும். 275-ஆக இருக்கட்டும், 308-ஆக இருக்கட்டும், 30-06-ஆக இருக்கட்டும். தோள் தாங்க வேண்டும். தோட்டா எளிதில் கிடைக்க வேண்டும். விலங்குக்கு ஏற்ற குண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மிச்சமாகும் பணத்தை நல்ல குறிக்கண்ணாடிக்கும் பயிற்சித் தோட்டாவுக்கும் செலவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தட்டுக்கு வெளியே போகும் தூரத்தில் எவ்வளவு அழகான மான் நின்றாலும் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொள்ளும் மனம் வேண்டும். அது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

கார்பெட்டின் 275 ரைபிள் 2015-ல் ரிக்பி கம்பெனிக்கே திரும்பிச் சேர்ந்தது. அதன் வெள்ளித் தகட்டைப் பார்க்கிறவர்கள் ஒரு வீரரின் பெயரைப் படிப்பார்கள். அந்த ரைபிளே பரிசாக வருவதற்குக் காரணம், அதற்கு முன்னால் பெயர் தெரியாத யாரோ ஒருவர் சரியாகச் சுடாமல் விட்ட ஒரு குண்டு. அதற்குத் தகடு ஏதும் இல்லை.