நர்ஸ் வேலையிலிருந்து டாக்டர் படிப்புக்குப் போக முடியுமா?



தாராபுரம் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் உள்கடன் கேட்டார். தனியார் ஆஸ்பத்திரியில் எட்டு வருடமாக நர்ஸ். "அனுபவ சர்டிபிகேட் இருந்தா டாக்டர் சீட்டு வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றாருங்க, முன்பணம் கட்டணுமாம்" என்றார். நல்லவேளை, தீர்மானம் எழுதும் முன்பே ஊக்குநர் எங்களைக் கேட்டார்.

அமெரிக்கா மாதிரி நாடுகளில் ஆஸ்பத்திரி அனுபவத்தையும் கல்லூரிகள் பார்க்கும். நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர அதற்கு ஒரு மார்க்கூட கிடையாது. நீட் மார்க்தான் எல்லாம். அனுபவத்தைச் சொல்லிப் பணம் கேட்டால் அது ஏமாற்று வேலை.

வயது தடையில்லை. 17 நிறைந்திருக்க வேண்டும். உச்ச வயது வரம்பு 2022-ல் நீக்கப்பட்டது. ஆனால் பிளஸ் டூ மார்க் ஷீட்டை முதலில் எடுத்துப் பாருங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். கலைப் பிரிவு படித்தும் நர்சிங் டிப்ளமோ சேரலாம் என்பதால் பல நர்சுகள் இந்த இடத்தில்தான் நின்று விடுகிறார்கள். அவர்கள் மனம் தளர வேண்டாம். இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் இருக்கிறது.

ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 2020 சட்டப்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. கட்டணத்தை அரசே கட்டும். எப்போதோ படித்தவருக்கும் இது பொருந்தும். 2022 ஜனவரியில் தருமபுரியைச் சேர்ந்த 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் இந்த ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வரை வந்தார். பிறகு இளைய மாணவருக்கு இடம் போகட்டும் என்று விட்டுக்கொடுத்தார்.

நம் சகோதரி எட்டாம் வகுப்பு வரை உதவிபெறும் பள்ளியில் படித்தவர். அது கணக்கில் வராது என்றதும் அழுதுவிட்டார். எங்களுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் சாதிச் சான்றிதழ் இருந்தால் 69 சதவீத இடஒதுக்கீட்டில் போட்டியிடலாம் என்று எடுத்துச் சொன்னோம்.

தேர்வைத் தமிழிலும் எழுதலாம். மொத்தம் 720 மார்க்கில் பாதி, அதாவது 360, உயிரியலுக்கு. உடம்பைப் பற்றி நர்சுக்குத் தெரியும், செடி கொடி பாடத்தைத்தான் புதிதாகப் படிக்கணும். தப்பான விடைக்கு ஒரு மார்க் குறையும்.

முன்பணக் கடனைக் குழு கொடுக்கவில்லை. புத்தகத்துக்கு மட்டும் கொடுத்தது. நைட் டூட்டி முடிந்து வந்து இப்போது இயற்பியல் படிக்கிறார், பிள்ளைகளை மாமியார் பார்த்துக்கொள்கிறார்.