திடீர் மரணமும் இதயத்தின் பிரேதப் பரிசோதனையும்

நன்றாக இருந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்று சொன்ன ஒரு மணி நேரத்துக்குள் இறந்தால், அதை இதயம் சார்ந்த திடீர் மரணம் என்று மருத்துவம் கருதுகிறது. ஆனால் யாரும் பார்க்காத நேரத்தில் தறிக்கூடத்திலோ தோட்டத்துச் சாளையிலோ ஒருவர் இறந்து கிடந்தால் அப்படிக் கருதிவிட முடியாது. மரணத்தில் சந்தேகம் இருந்தால் போலீஸார் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவின்படி விசாரித்து, உடலைப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். 2024 ஜூலைக்கு முன் இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு. கோவையில் இத்தகைய பரிசோதனை நடக்கும் முக்கிய இடம், திருச்சி சாலையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

மருத்துவர் எடுத்த எடுப்பில் இதயத்துக்கு வருவதில்லை. மூளை ரத்தக்கசிவு, நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி ஆகியவற்றை முதலில் விலக்க வேண்டும். விவசாயம் நிறைந்த கொங்குப் பகுதியில் பூச்சிமருந்தையும் மறக்கக் கூடாது. இரைப்பை, கல்லீரல் பகுதிகள் உப்புக் கரைசலில் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போவது அதற்காகத்தான்.

வளர்ந்த ஆணின் இதயம் ஏறக்குறைய 300 கிராம். எடை மிகுந்திருந்தால் நாள்பட்ட ரத்தக்கொதிப்பைச் சந்தேகிக்கலாம். இதயத் தமனிகளை நீளவாக்கில் பிளக்காமல், சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்காக வெட்டுகிறார்கள். அடைப்பின் உண்மை அளவு அப்போதுதான் தெரியும். உட்குழியின் பரப்பு 75 சதவீதம் குறுகியிருந்தால் அது கடுமையான அடைப்பு.

சிக்கல் தசையில்தான். மாரடைப்பு வந்த சில நிமிடங்களில் இறந்தவரின் இதயத்தசை, வெறும் கண்ணுக்கும் நுண்ணோக்கிக்கும் இயல்பாகவே தோன்றும். டெட்ரசோலியம் சாயம் உயிருள்ள தசையைச் செங்கல் நிறமாக்கி, செத்த தசையை வெளிறவிடும். ஆனால் அதற்கும் இரண்டு மூன்று மணி நேரப் பாதிப்பு வேண்டும். ஆகவே அறிக்கை பல நேரங்களில் தமனி அடைப்பையும் இறந்த சூழலையும் சேர்த்துப் பார்த்து எழுதப்படுகிறது. இதைக் குறை என்று சொல்வது நியாயமல்ல.

இளைஞர்களின் மரணத்தில் பரம்பரைத் தசைநோய் முன்னுக்கு வருகிறது. இதய அறைகளுக்கிடையிலான சுவர் தடித்திருக்கிறதா என்று அளப்பார்கள். பெருந்துறை எஸ். தண்டபாணியும் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, இதயத்தசை நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணு மாற்றம் இந்தியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருப்பதைக் காட்டியது. அது உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை.

புருகாடா போன்ற மின்துடிப்புக் கோளாறுகளோ உறுப்பில் எந்தத் தடயமும் வைப்பதில்லை. அப்போது மரபணுச் சோதனைதான் வழி. ஃபார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைக்கும் என்பதால் கொஞ்சம் ரத்தத்தைத் தனியே உறைநிலையில் காக்க வேண்டும். முடிவு வரும்வரை காத்திராமல், இறந்தவரின் பெற்றோருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஈ.சி.ஜி., எக்கோ எடுத்துப் பார்ப்பது நல்லது.