கூட இருந்து குழிபறிக்கும் ஆட்டம்

எழுவர் வட்டமாக அமர்ந்திருக்கின்றனர். அவருள் இருவர் துரோகிகள். அவர் யார் யார் என்பது அவ்விருவருக்கு மட்டுமே தெரியும். ஏனைய ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஐயுற்றுக்கொண்டிருக்கின்றனர். 'மாபியா' என்று உலகெங்கும் வழங்கும் இவ்விளையாட்டு, மொஸ்கோ அரச பல்கலைக்கழகத்தின் உளவியற் பகுதியில், 1980களின் பிற்பாதியில், திமித்ரி டேவிடோவ் என்பவரால் உருவாக்கப்பட்டது. 1997 இல் அன்ட்ரூ புளொட்கின் என்னும் அமெரிக்கர் இதற்கு ஓநாய் மனிதர் கதையைப் புது வேடமாகப் புனைந்தார். 2020 இல், பெருந்தொற்றால் வீட்டில் அடைபட்ட பிள்ளைகள் கைப்பேசியில் ஆடிய 'அமங் அஸ்' என்பதும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஆடும் முறை எளிது. சீட்டுக் கொடுத்து வேடங்களை இரகசியமாகப் பங்கிட்டபின், "இரவு" என்று நடுவர் கூறியதும் எல்லாரும் கண்களை மூடுவர். துரோகிகள் மட்டும் விழித்து, ஒருவரைச் சைகையாற் சுட்டி வீழ்த்துவர். பகலில் யாவரும் கூடி வாதிட்டு, பெரும்பான்மை வாக்கினால் ஒருவரை வெளியேற்றுவர். துரோகிகள் அனைவரும் வெளியேறினால் ஊராருக்கு வெற்றி. இரு பக்கமும் எண்ணிக்கையிற் சமமாகிவிட்டால் துரோகிகளுக்கு வெற்றி.

துரோகியின் சீட்டுக் கையில் வந்ததும் நெஞ்சு படபடக்கிறதன்றோ? படபடக்கவேண்டிய அவசியமில்லை. ஊரார் ஒரு வார்த்தையும் பேசாது, திருவுளச் சீட்டுப் போட்டே ஒவ்வொரு பகலிலும் ஒருவரை வெளியேற்றுவதாகக் கொள்வோம். ஆட்டம் பகலில் தொடங்குமாயின், எழுவருள் துரோகி ஒருவரே இருக்கும்போது ஊரார் வெல்லும் வாய்ப்பு 35 இல் 19 பங்கு. துரோகிகள் இருவராயின் அது 35 இல் 8 பங்காகச் சுருங்கிவிடுகின்றது. அஃதாவது, நூற்றுக்கு 23 அளவே. ஆகவே, இருவருள் ஒருவராய் வேடம் பூண்டவர் எவரையும் பேசி மயக்க வேண்டுவதில்லை. ஊராரின் விவாதம் சீட்டுக் குலுக்குவதிலும் மேலான பலனைத் தராதபடி பார்த்துக்கொண்டாற் போதும்; மிகுதியைக் கணக்கே பார்த்துக்கொள்ளும்.

புதியவர்கள் தம் பொய் அகப்பட்டுவிடும் என்று அஞ்சுகின்றனர். உண்மையில் அவர்களைக் காட்டிக்கொடுப்பது பொய்யன்று, அறிவு. குற்றமற்றவர் தடுமாறுவார். முதலில் ஒருவரை ஐயுறுவார், பிறர் சொற்கேட்டு மாறுவார், பின்பு தம் ஐயத்தையே ஐயுறுவார். துரோகிக்கோ யாவும் தெரியும். அதனால் அவர் பேச்சு வளைவு நெளிவின்றி நேரே செல்கின்றது. கூர்ந்து கேட்போர் காதுக்கு அந்த நேர்மையே உறுத்தும். "எனக்கு ஒன்றுமே தெரியாதிருப்பின் இப்பொழுது யார்மீது ஐயங்கொள்வேன்?" என்று அவர் ஒவ்வொரு பகலிலும் தம்மைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். விடை தம் கூட்டாளியாயின், கூட்டாளியையே ஐயுறல் வேண்டும்.

கூட்டாளியைக் காக்கப் புகுவோர் பெரும்பாலும் இருவரையும் இழப்பர். வெளியேறியவர் துரோகியே என்று தெரிந்ததும், அவருக்காகப் பரிந்து பேசியவர் யார் என்பதையே ஊர் முதலில் நினைவுகூரும். கைவிடுவதாயின் காலத்தோடு கைவிடல் நன்று. முடிவு உறுதியானபின் கடைசியாக உயரும் கையை எவரும் மதியார். முதற் பகலிலேயே கூட்டாளி போய்விட்டாலும் நிலைமை கெட்டுவிடாது. மறுநாள் ஐவருள் ஒருவராய் நிற்கும் துரோகிக்கு, மேற்கூறிய சீட்டுக் கணக்கின்படி, 15 இல் 8 பங்கு வெற்றிவாய்ப்பு இன்னும் உண்டு.

இரவில் வீழ்த்தவேண்டியவர், தம்மீது குற்றஞ்சாட்டியவர் அல்லர். அவர் மறைந்தால் அவர் சொன்ன சொல்லே சாட்சியாய் நிற்கும். எல்லாரும் மதிக்கும் நிதானக்காரரே முதலிற் போகவேண்டியவர். தவறான ஆளை அடித்துப் பேசிச் சந்தேகிக்கும் ஒருவரை வட்டத்தில் விட்டுவைத்தல், துரோகிக்குச் சம்பளமில்லா வேலைக்காரனை வைத்திருப்பது போன்றதாம்.

2009 இல் டொன் எஸ்கிரிட்ஜ் அமைத்த 'த ரெசிஸ்டன்ஸ்' என்னும் ஆட்டத்தில் எவரும் இடையில் வெளியேற்றப்படுவதில்லை. மாறாக, சிறு குழுக்கள் அனுப்பப்படும் ஐந்து பணிகளில் மூன்றைக் கெடுத்தால் உளவாளிகளுக்கு வெற்றி. ஐவர் ஆடும்போது முதற் பணிக்குச் செல்வோர் இருவரே. அதைக் கெடுப்பின் ஐயம் அவ்விருவர்மேல் மட்டுமே விழும் என்பதால், தேர்ந்த உளவாளி பெரும்பாலும் அதனை நிறைவேற விட்டுவிடுவார். பொறுமையும் ஓர் ஆயுதமன்றோ!

இனி, இல்லங்களில் இதனை ஆடுவோர் கவனிக்கவேண்டியன சில. "அம்மாவாணை, நான் இல்லை" என்று பிள்ளைகள் சத்தியஞ் செய்யத் தொடங்குவர். இதனை நடுவர் முதலிலேயே தடுத்துவிடல் வேண்டும். வட்டத்துள் சொல்லும் பொய் ஆட்டத்தோடு முடிந்துவிடும். தாய்மீது செய்த பொய்ச் சத்தியம் அவ்வாறு முடிவதில்லை. ஆட்ட நோக்கிற் பார்த்தாலும் இது மதியீனமே. நல்லவராய் இருக்கும்போது சத்தியஞ் செய்து பழகியவர், துரோகியாகும் நாளில் என்ன செய்வார்? சத்தியத்தை மீறவேண்டும், அல்லது வாய்மூடி அகப்படவேண்டும். தேர்ந்தவர் எவ்வேடத்திலும் ஒரே மாதிரி நடப்பர். துரோகிக்கான ஆயத்தம் அவர் நல்லவராய் ஆடிய நாட்களிலேயே நடந்துவிடுகின்றது.

மற்றொன்று, பேசாத பிள்ளை. ஒரு வட்டத்திலும் துப்பு எதுவும் கிடைக்காத முதற் பகலில், "இவள் ஏன் பேசாதிருக்கிறாள்?" என்று ஒருவர் கேட்க, கைகள் உயர்ந்துவிடும். துரோகிக்கு இதனினும் மலிவான உபாயம் இல்லை. நமக்கோ இது சிறிதும் உவப்பன்று. வெளியேறிய பிள்ளை ஆட்டம் முடியும்வரை மூலையில் அமர்ந்திருக்கும். மறுமுறை ஆடக் கூப்பிட்டால் வாராது. முதற் பகலில் ஒவ்வொருவரும் முறையாகப் பேசியபின்பே வாக்கெடுப்பு என்று விதித்துவிட்டால், அவளுக்கும் ஒரு முறை கிடைக்கும். துரோகிக்கும் பதுங்க இடமிராது. அவள் என்றும் அமைதியானவள் என்று ஊரார் பழகிவிட்டபின் ஒருநாள் துரோகியின் சீட்டு அவள் கைக்கே வருமாயின், வட்டத்திலுள்ள பெரியவர்கள் சற்று விழிப்பாயிருப்பது நலம்.