உஷார்! முதல் செமஸ்டர் சத்தம் போடாமல் கவிழ்க்கும்

கவுன்சிலிங் முடிந்தது. சீட் கிடைத்தது, ஃபீஸும் கட்டியாயிற்று. பிள்ளை கழுத்தில் இன்ஜினீயரிங் கல்லூரி ஐடி கார்டு தொங்குகிறது. "அப்பாடா, இனி நாலு வருஷம் தானா ஓடிடும்" என்று வீடே காலை நீட்டி உட்காரும் நேரம் இது. உட்காராதீர்கள்! தம்பி தங்கச்சிகளே, நீங்களும்தான். அரியர் என்ற பீடை பலரைப் பிடிப்பது மூன்றாம் வருஷத்திலோ நான்காம் வருஷத்திலோ இல்லை. பெட்ஷீட் மடிப்புக் கலையாத இந்த முதல் செமஸ்டரில்தான்.

காரணம் எளிது. ப்ளஸ் டூ வரைக்கும் உங்களைத் துரத்த ஆள் இருந்தது. காலாண்டு, அரையாண்டு, ரிவிஷன் ஒன்று, ரிவிஷன் இரண்டு, ஸ்பெஷல் கிளாஸ். பத்து மார்க் குறைந்தால் கிளாஸ் டீச்சர் அப்பாவுக்கு போன் போடுவார். இங்கே துரத்த ஆளில்லை. பாடம் நடக்கும், போகும். புரிந்ததா என்று கேட்பார்கள், அறுபது பேரும் தலையாட்டுவீர்கள், அவ்வளவுதான். சில கல்லூரிகளில் ஆப்சென்ட் ஆனால் வீட்டுக்கு எஸ்எம்எஸ் போகும். அது அப்பா என்றைக்கோ தூக்கிப்போட்ட பழைய நம்பருக்குப் போய்க்கொண்டிருக்கும். அல்லது மகன் தன்னுடைய இரண்டாவது சிம் நம்பரையே 'அப்பா' என்று ஃபார்மில் எழுதிக் கொடுத்திருப்பான். நம்ம பிள்ளைகளின் சாமர்த்தியம் நமக்குத் தெரியாதா?

செமஸ்டர் என்றால் ஆறு மாதம் என்று கணக்குப் போடுவது முதல் ஏமாளித்தனம். சீனியர்களுக்கு வகுப்பு முன்பே தொடங்கியிருக்கும். முதலாண்டுக்காரர்கள் கலந்தாய்வு முடிந்த பிறகே உள்ளே வர முடியும். வந்ததும் பாடம் இல்லை, இண்டக்‌ஷன். ஏஐசிடிஇ இதற்கு மூன்று வாரம் ஒதுக்கச் சொல்கிறது. கல்லூரிகள் தங்கள் வசதிப்படி கூட்டிக் குறைத்து நடத்துகின்றன. யோகா, தன்னம்பிக்கைப் பேச்சு, கேம்பஸ் சுற்றல், செல்ஃபி. அது முடிந்து நிமிர்ந்தால் ஆயுத பூஜை. அதைத் தாண்டினால் தீபாவளி. தீபாவளியை ஒட்டியே வடகிழக்குப் பருவமழை, கலெக்டர் விடும் லீவு. மழை விட்டு ஷூ காய்வதற்குள் தேர்வு டைம் டேபிள் வந்துவிடும். கையில் நிஜமாகத் தேறுவது பத்துப் பன்னிரண்டு வாரம் என்றால் பெரிது. அதில் முதல் நான்கு வாரத்தை "செட் ஆகட்டும்" என்று கழித்துவிட்டால் மீதியைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு பேப்பரைப் பாருங்கள், ஏனென்றால் அதிகம் பேரைக் காவு வாங்குவது அதுதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் முதல் செமஸ்டர் கணக்குக்குப் பெயர் மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ். ஐந்து யூனிட். முதல் யூனிட் மேட்ரிக்ஸ். ஐகன் வேல்யூ, கெய்லி-ஹாமில்டன் தேற்றம். பெயர்தான் மிரட்டும், ப்ளஸ் டூவில் மேட்ரிக்ஸ் போட்ட கைக்கு இரண்டு நாளில் பழகிவிடும். முதல் இன்டர்னலில் எண்பது, எண்பத்தைந்து வரும். "காலேஜ் கணக்கு இவ்வளவுதானா?" என்று நெஞ்சு நிமிரும். அந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடுகிறார்கள். பின்னால் பல மாறிகள் கொண்ட சார்புகள், இண்டெக்ரேஷன், கடைசியில் மல்டிபிள் இண்டெக்ரல் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவரும். மூன்றாவதை விட்டவனுக்கு ஐந்தாவது தலைகீழாக நின்றாலும் புரியாது. அந்த ஐந்தாவது யூனிட் நடக்கும்போதுதான் மழை லீவும் வரும், சளிக் காய்ச்சலும் வரும், வேகவேகமாக போர்ஷன் முடிப்பதும் நடக்கும்.

அடுத்தது இன்டர்னல் மார்க் என்ற இனிப்பு. 2021 ரெகுலேஷன்படி தியரி பாடத்தில் இன்டர்னலுக்கு 40, செமஸ்டர் தேர்வுக்கு 60. பாஸாக மொத்தம் 50 வேண்டும். உடனே ஹாஸ்டல் அறையில் ஒரு மேதை கணக்குப் போடுவான்: "மச்சி, இன்டர்னல் 36 வந்துருச்சு. வெளியில 14 எடுத்தா போதும்டா." உஷார்! செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதம் எடுத்தே ஆக வேண்டும் என்று அதே விதியில் இன்னொரு வரி இருக்கிறது. நூற்றுக்கு 44 எடுத்தால் அது அறுபதுக்கு 26.4. இன்டர்னல் 36-ஐச் சேர்த்தால் 62.4 மார்க். ஆனாலும் ஃபெயில்! அந்த ஒரு வரியைப் படிக்காமல், ரிசல்ட் வந்த இரவில் "எப்படி சார்?" என்று கேட்கிற பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. ரெகுலேஷன் மாறினால் இந்தக் கணக்கும் மாறும். தன்னாட்சிக் கல்லூரிகளுக்குத் தனி விதி. எனவே சீனியர் வாயில் கேட்டதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல், உங்கள் பேட்ச்சுக்கு எது ரெகுலேஷன் என்று விசாரித்து, அந்த பிடிஎஃப்பை இறக்கி, தேர்ச்சி, வருகைப்பதிவு இரண்டு பகுதிகளை மட்டுமாவது படியுங்கள். பத்து நிமிஷ வேலை.

"ஒரு அரியர்தானே, அடுத்த செமஸ்டரில் க்ளியர் பண்ணிக்கலாம்" என்பது கல்லூரி உலகின் தேசிய கீதம். அடுத்த செமஸ்டரிலும் கணக்கு உண்டு, அதற்கு மேல் பழைய கணக்கு. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் நிறுவனங்கள் பல, நிலுவையில் அரியர் இருக்கிறவர்களை வாசலோடு நிறுத்திவிடும்; சில, எப்போதாவது அரியர் இருந்ததா என்றே கேட்கும். அண்ணா பல்கலைக்கழகம் 2021-ல், 2001-02-லிருந்து பாக்கி வைத்திருந்தவர்களுக்குக்கூட அரியர் எழுதச் சிறப்பு வாய்ப்பு கொடுத்தது. வழக்கமான கட்டணத்துக்கு மேல் ரூ.5,000. இருபது வருஷப் பாக்கி! தானே கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பும் வயதில் அரியர் ஃபார்ம் நிரப்புவதை நினைத்துப் பாருங்கள்.

வருகைப்பதிவுக்கு வருவோம். 75 சதவீதம் வேண்டும் என்றதும் "அப்போ 25 சதவீதம் நம்ம கோட்டா" என்று எடுத்துக்கொள்கிறீர்கள். அந்தக் கோட்டா எங்கே கரைகிறது தெரியுமா? திருநெல்வேலிப் பையன், சென்னைக்கு வெளியே கல்லூரி. முதல் இரண்டு மாதம் வீட்டு ஞாபகம் வாட்டும்; அது தப்பே இல்லை. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடை விட்டுவிட்டு பஸ் ஏறுகிறான். ஞாயிறு இரவு ஊரில் கிளம்பி, திங்கள் காலை கிளாம்பாக்கத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, குளித்துவிட்டு வகுப்புக்குப் போகும்போது முதல் இரண்டு பீரியட் முடிந்திருக்கும். வாரத்துக்கு 40 பீரியட் என்றால் அதில் 4 போயிற்று. பத்து சதவீதம்! ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருப்பான். மீதி பதினைந்தில் தீபாவளிக்கு முன்னே இரண்டு நாள், பின்னே இரண்டு நாள். அதன்பின் மழைக்காலத்தில் டெங்குவோ மஞ்சள் காமாலையோ வந்து பதினைந்து நாள் படுத்தால் கதை முடிந்தது. 65-க்கும் 75-க்கும் இடையில் நின்றால் மருத்துவச் சான்றிதழோடு கெஞ்சிப் பார்க்கலாம். 65-க்குக் கீழே போனால் தேர்வு எழுத முடியாது. அடுத்த வருஷம் ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஊருக்குப் போங்கள். வாரா வாரம் வேண்டாம்.

தமிழ் மீடியத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். முதல் மாதம் வகுப்பில் பாதி காதில் ஏறாது. நமக்கு மூளை இல்லை போல என்று கடைசி பெஞ்சுக்கு நகர்ந்துவிடாதீர்கள். அந்த நகர்வுதான் ஆபத்து. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ புத்தகங்கள் இரண்டு மீடியத்திலும் இலவசமாக பிடிஎஃப்பாகக் கிடைக்கின்றன. ஒரே பாடத்தின் தமிழ்ப் பக்கத்தையும் இங்கிலீஷ் பக்கத்தையும் அருகருகே வைத்து தினம் அரை மணி நேரம் பாருங்கள். ஆயிரக்கணக்கில் காசு வாங்கும் 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' வகுப்பைவிட இதற்கு பலன் அதிகம் என்பது என் கட்சி.

இப்போது பணம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இதில் சிக்கினால் அரியர் போலத் திரும்ப எழுதித் தப்பிக்க முடியாது. அரசுப் பள்ளிகளில் படித்து வந்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ரூ.1,000 வருகிறது. அதற்கென்றே பலர் புதிதாக அக்கவுன்ட் திறந்திருப்பீர்கள். கல்லூரி வாசலிலோ டெலிகிராமிலோ ஒரு 'அண்ணா' வருவார். நன்றாகப் பேசுவார், டீ வாங்கித் தருவார். "என் அக்கவுன்ட்ல லிமிட் முடிஞ்சிருச்சு தம்பி. உன் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூணையும் ஒரு மாசம் குடு. சும்மா இல்ல, அஞ்சாயிரம் தர்றேன்." ஒன்றும் செய்யாமல் ஐந்தாயிரம் வருகிறதே என்று கொடுத்துவிட்டால், எங்கோ ஒரு ரிட்டயர்டு ஆசிரியரிடம் ஏமாற்றிப் பிடுங்கிய லட்சங்கள் உங்கள் அக்கவுன்ட் வழியாக ஓடும். சில மணி நேரத்தில் பணம் போய்விடும். உங்கள் பெயர் மட்டும் அங்கே நிற்கும். போலீஸ் முதலில் தேடி வருவது அக்கவுன்ட்காரரைத்தான், அதுவும் வேறு மாநிலத்திலிருந்து. அக்கவுன்ட் முடக்கப்படும், அதில் வரும் உதவித்தொகையும் சேர்ந்து சிக்கும். "எனக்கு எதுவும் தெரியாது சார்" என்பது வழக்கில் பெரிதாகக் கை கொடுக்காது. எந்த நட்புக்காகவும் பாஸ்புக்கையும் சிம்மையும் கையை விட்டு விடாதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் இன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள், பேங்க்குக்குப் போங்கள். ஐந்து நிமிடத்தில் கடன் தரும் ஆப், வீடியோவுக்கு லைக் போட்டால் காசு தரும் வேலை இரண்டும் இதே கும்பலின் சித்தப்பா மகன்கள்தான்.

ராகிங் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1996 நவம்பரில் அண்ணாமலை பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, ரூ.10,000 வரை அபராதம். அந்தப் பயத்தில் வெளிப்படையான கொடுமை குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. இப்போது அது வாட்ஸ்அப் குரூப்புக்குள் போய்விட்டது. இரவு பன்னிரண்டு மணிக்கு "எல்லாரும் ஆன்லைன் வா", "வாய்ஸ் நோட்ல பாட்டுப் பாடு", "சீனியர் ரெக்கார்டை எழுது". இப்படி ஜூனியர்களைத் தொல்லை செய்யும் குரூப்புகளையும் ராகிங்காகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று யுஜிசி 2025-ல் சொல்லிவிட்டது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். குரூப்பிலிருந்து வெளியேறும் அவசரத்தில் அழித்துவிடாதீர்கள்.

பைக் விஷயத்தில் பெற்றோருக்கு ஒன்று. முதலாண்டுப் பிள்ளைகளில் நிறையப் பேருக்குப் பதினெட்டு முடிந்திருக்காது. "கல்லூரிக்குப் போகிறானே" என்று கியர் பைக் வாங்கிக் கொடுத்து அவன் மாட்டினால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி வழக்கு உங்கள் மீது. ரூ.25,000 அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பஸ் பாஸ் எடுத்துக் கொடுங்கள்.

அப்பா அம்மாவே, இன்னும் ஒன்று. தினமும் இரவு போன் செய்கிறீர்கள். "சாப்பிட்டியாப்பா?" "ம்." "காலேஜ் எப்படிப் போகுது?" "போகுதும்மா." "சரி, படு." இந்த நாலு வார்த்தையில் ஒரு தகவலும் இல்லை. மெஸ்ஸுக்கே போகாமல் பிஸ்கட்டில் ஓட்டுகிற பிள்ளையும், பகல் முழுக்கப் போர்வைக்குள் கிடக்கிற பிள்ளையும் இதே "ம்"தான் சொல்லும். கேள்வியை மாற்றுங்கள். பக்கத்து சீட்டில் யார்? இன்றைக்கு லேபில் என்ன செய்தீர்கள்? மெஸ்ஸில் காலை என்ன போட்டார்கள்? பக்கத்து சீட்டுப் பெயரே இரண்டு மாதமாகத் தெரியவில்லை என்றால் லீவு போட்டுவிட்டு ஒருமுறை நேரில் போய் வாருங்கள். திட்டுவதற்குப் போகாதீர்கள்.

தம்பி, தங்கச்சி, இந்த வாரத்துக்குள் மூன்று வேலை: அட்டெண்டன்ஸ் எத்தனை சதவீதம் என்று துறையில் போய்க் கேளுங்கள், கணக்கில் புரியாத யூனிட்டை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூம் கதவைத் தட்டுங்கள், போனில் மூன்று எண்ணைச் சேமியுங்கள். ராகிங்குக்கு 1800-180-5522, சைபர் மோசடிக்கு 1930, மனசு சரியில்லை என்றால் டெலி மானஸ் 14416. மூன்றுக்கும் கட்டணம் இல்லை. 14416-ல் தமிழிலேயே பேசலாம்.